தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? குறட்டையிலிருந்து ஸ்லீப் ஸ்டடி வரை முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மனைவி போனை நீட்டினார். "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க." நான் குறட்டை விடுவது எனக்குப் புதுச் செய்தி இல்லை. வீட்டில் அதைக் கிண்டல் செய்தே பல வருடம் ஓடிவிட்டது. ஆனால் அந்த வீடியோவில் குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்குகின்றன, மூச்சுச் சத்தமே இல்லை. திரையில் ஓடிய விநாடிகளை எண்ணினேன்: 22. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் குறட்டை. இரண்டரை நிமிட வீடியோவில் இது மூன்று தடவை நடந்தது.

அதற்குப் பிறகு டாக்டர், டெஸ்ட், ரிப்போர்ட் என்று சில மாதங்கள் அலைந்தேன். நடுவில் ஒரு தடவை "நார்மல்" என்று தப்பான ரிப்போர்ட்டையும் கையில் வாங்கினேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும், போய்விட்டு வந்த பின்னும் நோயாளி செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது இது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளரும். தொண்டைத் தசைகளும் அப்படித்தான். நாக்கின் அடிப்பகுதி, மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி, உள்நாக்கு எல்லாம் தொய்ந்து காற்றுப்பாதையைக் குறுக்கும். அந்தச் சந்து வழியாகக் காற்று போகும்போது சதை அதிர்கிறது, அதுதான் குறட்டை. பாதை முழுக்க மூடிக்கொண்டால் சத்தமே வராது. மூச்சை இழுக்க நெஞ்சு போராடும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளை பதறிப்போய் நம்மைச் சில விநாடிகள் எழுப்பிவிட்டு, பாதையைத் திறக்கச் செய்து, மறுபடி தூங்க விடும். காலையில் இதில் ஒன்றுகூட நினைவில் இருக்காது. இப்படி ஒரு மணி நேரத்துக்கு முப்பது நாற்பது தடவை நடந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கின மாதிரியே இருக்காது.

இதற்குப் பெயர் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா. சென்ட்ரல் அப்னியா என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் பாதை அடைபடாது. மூச்சு விடச் சொல்லும் உத்தரவே மூளையிலிருந்து வராது. இதய பலவீனம், பக்கவாதம், ஓபியாய்டு வகை வலி மருந்துகள் ஆகியவற்றோடு இது வரலாம். சிகிச்சை வேறு என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் அப்னியா கிடையாது, அதனால் பயந்துவிட வேண்டாம். ஆனால் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, உலகம் முழுக்க 30 முதல் 69 வயதுக்குள் சுமார் 94 கோடி பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இது இருக்கும் என்று கணக்கிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

படி 1: வீட்டிலேயே சாட்சி சேகரியுங்கள்

இந்த நோய்க்கு முக்கிய சாட்சி, பக்கத்தில் படுப்பவர். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்பதுதான். ஆகவே முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் படுப்பவர் என்றால் போனைத் தலைமாட்டில் வைத்து இரண்டு மூன்று இரவுகள் ஒலிப்பதிவு செய்யலாம். கேட்கும்போது சத்தம் எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் நின்றுவிடாதீர்கள். குறட்டை அறுந்து, அமைதியாகி, பிறகு திணறலோடு திரும்புகிறதா என்று கவனியுங்கள். சீராக ரம்பம் அறுக்கிற மாதிரி போகிற குறட்டையை விட இப்படி விட்டுவிட்டு வருகிற குறட்டைதான் கவலைக்குரியது. வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது. அமைதியான நேரத்தில் நெஞ்சு அசைகிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

பகலில் தெரிகிற அறிகுறிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, எரிச்சல், மறதி. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதும் இதில் சேரும். பலர் இதைச் சர்க்கரை அல்லது ப்ராஸ்டேட் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அடைபட்ட மூச்சை இழுக்கப் போராடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதய அறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக எண்ணிக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை விடுகிறது. மூச்சு சரியானதும் ராத்திரி எழுந்திருப்பது பலருக்குக் குறைந்துவிடும்.

மூன்று நான்கு மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்றால் குறட்டையைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள். இரண்டுக்கும் அப்னியாவோடு உறவு உண்டு.

பெண்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். பெரிய குறட்டைக்குப் பதிலாகத் தூக்கமின்மை, களைப்பு, மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மன அழுத்தம் என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அப்னியாவுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 2: இரண்டு கேள்வித்தாள்கள், பத்து நிமிடம்

டாக்டர்கள் பயன்படுத்தும் ஸ்டாப்-பேங் என்ற கேள்வித்தாளை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடிக்க உருவாக்கி, 2008இல் வெளியிட்டது. எட்டே கேள்விகள். சத்தமான குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, ரத்த அழுத்தம் உண்டா, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. ஒவ்வொரு ஆம்-க்கும் ஒரு மதிப்பெண். 0 முதல் 2 வரை வாய்ப்பு குறைவு, 3 அல்லது 4 நடுத்தரம், 5 அல்லது அதற்கு மேல் அதிகம்.

ஒல்லியானவர்களுக்கு இது வராது என்று நினைப்பது தப்பு. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்னால் தள்ளியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு எடை சரியாக இருந்தும் வரும்.

இன்னொன்று எப்வொர்த் அளவுகோல். மெல்போர்னில் இருந்த மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து வரும்போது, சிக்னலில் நிற்கும்போது என்று எட்டு சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் அசர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. நான் போட்டபோது 8 வந்தது. மனைவி அதே தாளை வாங்கி எனக்காகப் போட்டார், 14 வந்தது. அவர் போட்டதுதான் சரி. வருடக்கணக்காகக் களைப்போடு வாழ்கிறவனுக்கு அதுதான் இயல்பு என்று ஆகிவிடுகிறது. ஆகவே மதிப்பெண் குறைவாக வந்தால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் சொக்கியிருந்தால், மற்ற மதிப்பெண் எதையும் பார்க்காமல் நேராக டாக்டரிடம் போங்கள். அதுவரை ஓட்டாதீர்கள்.

படி 3: எந்த டாக்டர்?

தூக்க மருத்துவர் என்று தனியாக இருந்தால் அவர்தான். இல்லாவிட்டால் நுரையீரல் மருத்துவரோ ஈஎன்டி மருத்துவரோ பார்ப்பார்கள். வழக்கமாகப் பார்க்கிற குடும்ப டாக்டரிடம் தொடங்கினாலும் தவறில்லை, அவர் எழுதி அனுப்புவார்.

பிபி, எடை, கழுத்து அளவு பார்ப்பார்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்கள். நாக்குக்கு மேலே தொண்டையின் உட்புறம் எவ்வளவு தெரிகிறது என்று நான்கு வகையாகப் பிரிப்பார்கள். இதற்குப் பெயர் மல்லம்பாட்டி வகைப்பாடு. சேஷகிரி மல்லம்பாட்டி என்ற மயக்க மருந்து நிபுணர் 1985இல் மூன்று வகையாக எழுதியது, நான்காவது பின்னால் சேர்ந்தது. உள்நாக்கே தெரியாமல் நாக்கு மறைத்தால் அடைப்புக்கு வாய்ப்பு கூடுதல். மூக்குத் தண்டு வளைவு, டான்சில், தாடை அமைப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். தைராய்டு குறைவு சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். முக்கியமாகத் தூக்க மாத்திரை, வலி மாத்திரை. தூக்கம் சரியில்லை என்று நாமாகவே தூக்க மாத்திரை போட்டுக்கொண்டால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து நிலைமை மோசமாகலாம். மதுவும் அதே வேலையைச் செய்யும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கேள்வித்தாளையும் தொண்டையையும் பார்த்துவிட்டு மட்டும் யாரும் அப்னியா என்று உறுதி செய்ய முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கைக்கடிகாரமும் அப்படித்தான். 2024இல் அமெரிக்காவில் சில ஸ்மார்ட் வாட்ச்களின் அப்னியா எச்சரிக்கை வசதிக்கு அனுமதி கிடைத்தது. அது சந்தேகத்தைக் கிளப்பும், நோயை உறுதி செய்யாது. தூங்கும்போது அளந்தால்தான் உண்டு, அந்த டெஸ்ட்டுக்குத்தான் ஸ்லீப் ஸ்டடி என்று பெயர்.

படி 4: வீட்டு டெஸ்ட்டா, லேப் டெஸ்ட்டா?

வீட்டு டெஸ்ட் என்றால் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்புவார்கள். மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். சில கருவிகள் விரல் நுனியின் நாடித் துடிப்பை வைத்தே கணக்கிடும். சொந்தக் கட்டிலில் படுக்கலாம், செலவும் குறைவு. சந்தேகம் வலுவாக இருந்து வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு இது போதும்.

இதய பலவீனம், கடுமையான நுரையீரல் நோய், நரம்புத்தசை நோய் இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ஓபியாய்டு மருந்து எடுப்பவர்கள், தூக்கமே வராத பிரச்சினை உள்ளவர்கள் லேப் டெஸ்ட்டுக்குப் போவதுதான் சரி. அதற்குப் பெயர் பாலிசோம்னோகிராஃபி. மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூச்சோட்டம், நெஞ்சு வயிறு அசைவு, கால் அசைவு, ஆக்சிஜன், எந்தப் பக்கம் படுத்திருக்கிறோம் என்பது வரை எல்லாம் பதிவாகும்.

வீட்டுக் கருவியின் பெரிய குறை, நாம் தூங்கினோமா என்பதே பெரும்பாலும் அதற்குத் தெரியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கருவி 7 மணி நேரம் ஓடியது, மூச்சு 84 தடவை தடைபட்டது. 84ஐ 7ஆல் வகுத்தால் மணிக்கு 12, லேசான அப்னியா. உண்மையில் அவர் தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் கிட்டத்தட்ட 17. அது நடுத்தரம். ஆள் அதேதான், இரவும் அதேதான். கட்டிலில் புரண்டுகொண்டிருந்த இரண்டு மணி நேரம் நோயைக் குறைத்துக் காட்டிவிட்டது.

எனக்கு நடந்தது இதைவிட மோசம். வீட்டு டெஸ்ட் ரிப்போர்ட்டில் எண் 4 என்று போட்டு, "நார்மல்" என்று வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டாவது பக்கத்தைப் புரட்டினால், மூச்சோட்டப் பதிவு உருப்படியாக இருந்த நேரம் 2 மணி 10 நிமிடம் மட்டும். மூக்குக் குழாய் நடுராத்திரியில் நழுவியிருக்கிறது. குறைந்தது 4 மணி நேரமாவது நல்ல பதிவு இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கிற அளவு. அந்த வீடியோவை மட்டும் மனைவி எடுத்திருக்காவிட்டால் "நார்மல்" தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பேன். அறிகுறி பலமாக இருந்து வீட்டு டெஸ்ட் ஒன்றுமில்லை என்றால் அதோடு விடக்கூடாது, அடுத்தது லேப் டெஸ்ட்.

படி 5: அந்த இரவு

அன்று பகலில் தூங்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், மதுவும் வேண்டாம். தலைக்குக் குளித்து நன்றாகக் காயவைத்துப் போங்கள், எண்ணெயோ ஜெல்லோ இருந்தால் மின்முனைகள் ஒட்டாது. நகப்பூச்சைக் குறைந்தது ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தலையணை இல்லாமல் தூக்கம் வராதென்றால் அதையும் எடுத்துப் போகலாம்.

டெக்னீஷியன் டேப் வைத்துத் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைப்பார். பசை தடவி ஒயர்களை ஒட்டுவார். கண்ணோரம், தாடை, நெஞ்சு, கெண்டைக்கால் என்று இருபதுக்கும் மேல். எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேரும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கூப்பிட்டால் போதும், பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். விளக்கை அணைத்த பிறகு ஸ்பீக்கரில் குரல் வரும்: கண்ணை மட்டும் மேலே, கீழே உருட்டுங்கள், ஐந்து தடவை இமையுங்கள், மூச்சைப் பிடியுங்கள், இடது காலை ஆட்டுங்கள். ஒயர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான்.

இத்தனை ஒயரோடு எப்படித் தூங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கத்தை விடக் குறைவாகத்தான் தூங்குவீர்கள், அது அவர்களுக்கும் தெரியும். "கண்ணையே மூடவில்லை" என்று காலையில் நான் புலம்பினேன். பதிவில் 5 மணி 40 நிமிடம் தூங்கியிருந்தேன்.

மல்லாந்து படுக்கும் பழக்கம் இருந்தால் அன்று கொஞ்ச நேரமாவது அப்படிப் படுங்கள். மல்லாந்தால்தான் நாக்கு பின்னால் விழும், அது பதிவாக வேண்டும். முதல் பாதியிலேயே அப்னியா கடுமையாகத் தெரிந்தால் சில இடங்களில் நடுராத்திரியில் எழுப்பி, அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியின் மாஸ்க்கைப் போட்டு, எந்த அழுத்தத்தில் மூச்சு சீராகிறது என்று பார்ப்பார்கள். இப்படிச் செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் திடுக்கிட்டுப் போவீர்கள்.

படி 6: ரிப்போர்ட்டை நீங்களும் படியுங்கள்

பக்கம் பக்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் தேட வேண்டியது ஏஎச்ஐ. ஒரு மணி நேரத் தூக்கத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண். 10 விநாடியாவது மூச்சோட்டம் ஏறக்குறைய நின்றால்தான் அது அப்னியா. மூச்சோட்டம் குறைந்தது 30 சதவீதம் சரிந்து, கூடவே ஆக்சிஜனும் இறங்கினால் அல்லது மூளை விழித்தால் ஹைபாப்னியா. பெரியவர்களுக்கு ஏஎச்ஐ 5க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை.

இந்த எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹைபாப்னியாவை எண்ணும்போது ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதும் என்று சிலர் வைப்பார்கள், 4 சதவீதம் இறங்க வேண்டும் என்று சிலர். ஒரே இரவின் பதிவு இரண்டு விதத்தில் இரண்டு எண் தரும். எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள் என்றால் எந்த விதி என்று கேளுங்கள்.

அப்புறம் ஆக்சிஜன். எவ்வளவு தாழ்ந்தது, 90 சதவீதத்துக்குக் கீழே மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது எண்ணை ஏஎச்ஐ அளவுக்கே மதிக்க வேண்டும். மணிக்கு 20 தடவை பத்து விநாடி நிற்பதும், 20 தடவை நாற்பது விநாடி நிற்பதும் ஒன்றா? ஏஎச்ஐ இரண்டையும் ஒன்றாகவே எண்ணும்.

ஏஎச்ஐ மல்லாந்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனியாக இருக்கும். என் லேப் ரிப்போர்ட்டில் மொத்தம் 31, மல்லாந்தபோது 46, ஒருக்களித்தபோது 17. கனவு வரும் ரெம் தூக்கத்தில் தசைகள் ரொம்பத் தளர்வதால் அப்போதும் எண் கூடும். அந்த இரவில் ரெம் தூக்கமே சரியாக வரவில்லை என்றால் நோய் குறைவாகத் தெரிந்திருக்கலாம். அடைப்பு வகை எத்தனை, சென்ட்ரல் எத்தனை என்பதையும் பாருங்கள். மூச்சு நின்ற நேரத்தில் நெஞ்சுப் பட்டை அசைந்துகொண்டிருந்தால் அடைப்பு, அதுவும் சும்மா இருந்தால் சென்ட்ரல்.

படி 7: பிறகு?

ஒன்றுமில்லை, வெறும் குறட்டைதான் என்று நல்ல பதிவோடு வந்தால் சந்தோஷம். எடை, மூக்கடைப்பு, படுக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நடுத்தரம் அல்லது கடுமை என்றால் பெரும்பாலும் சிபாப் தான் முதலில் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்ட முறை இது. மாஸ்க் வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பலர் கைவிடுவது மாஸ்க் அளவு சரியில்லாததால்தான், ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகை போட்டுப் பாருங்கள். லேசானதற்கும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கும் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் பல் கருவி உண்டு. எடை அதிகமுள்ளவர்களுக்கு எடை குறைவது உண்மையாகவே உதவும். அறுவை சிகிச்சை, அடைப்பு எங்கே என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு. வேறு ஏதாவது ஆபரேஷனுக்குப் போனாலும் அப்னியா இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் தனிக் கணக்கு. தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கி, பகலில் சோர்வுக்குப் பதில் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தால், அல்லது நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வந்தால் ஈஎன்டி மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) தான் காரணமாக இருக்கும். பெரியவர்களுக்கான 5 என்ற அளவு அவர்களுக்குப் பொருந்தாது. மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிப்பார்கள்.

பல் கருவியோ அறுவை சிகிச்சையோ எடுத்துக்கொண்டவர்கள், குறட்டை நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. சத்தம் போய் அடைப்பு மட்டும் மிச்சம் இருக்கலாம். கருவியைப் போட்டுக்கொண்டே ஒரு தடவை டெஸ்ட் எடுங்கள். எடை நன்றாக ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி பார்க்க வேண்டும். சிபாப் போடுகிறவர்களுக்குக் கருவியே தினமும் எத்தனை மணி நேரம் போட்டோம், மிச்சம் எத்தனை தடை என்று பதிவு செய்யும். மூன்று மாதம் கழித்து என்னுடையது 31லிருந்து 3க்கு வந்திருந்தது. முதல் வாரம் மட்டும், சத்தமே காணோமே என்று மனைவி இரண்டு தடவை எழுந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்திருக்கிறார்.